நடுவில் இருந்த பன்னிரண்டு

நெல் ஆராய்ச்சி செய்யும் பொற்கொடியின் கணினித் திரையில் இரண்டு வட்டங்கள் இருந்தன. தண்ணீர் இல்லாத வயலில் விழித்துக்கொண்ட மரபணுக்கள் சிவப்பு வட்டத்துக்குள் குடியிருந்தன. உப்பு ஏறிய வயலில் விழித்துக்கொண்டவை நீல வட்டத்துக்குள் இருந்தன. இரண்டு வயலிலும் விழித்துக்கொண்ட பன்னிரண்டு மட்டும், வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடத்தில் இருந்தன.

பொற்கொடி டீ குடிக்கப் போனதும் சண்டை தொடங்கியது.

“இந்தப் பன்னிரண்டும் என்னுது. நீ நகரு” என்றது சிவப்பு.

“உன் பேரா எழுதி ஒட்டியிருக்கு? நீ நகரு” என்றது நீலம்.

நடுவிலிருந்த ஒரு மரபணு கொட்டாவி விட்டது. “தண்ணி இல்லேன்னாலும் நாங்கதான் எந்திரிக்கணும், உப்பு ஏறினாலும் நாங்கதான் எந்திரிக்கணும். இதுல நீங்க வேற இழுக்காதீங்க.”

யார் கேட்டார்கள்? சிவப்பு ஆறையும் நீலம் ஆறையும் வாரிக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டன.

பொற்கொடி திரும்பி வந்தாள். திரையின் நடுவே வெறும் வெள்ளை.

“ரெண்டையும் தாங்குறது ஒண்ணுகூட இல்லையா? மூணு போகத்து உழைப்பும் வீணா?” என்று படத்தை அழிக்கக் கையை நீட்டினாள்.

வட்டங்கள் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து பழையபடி ஒட்டிக்கொண்டன. அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். முகம் மலர்ந்தது. நடுவிலிருந்த பன்னிரண்டின் பெயரை மட்டும் நோட்டில் எழுதினாள்.

“நம்ம பேரை எழுதவே இல்லையே” என்றது சிவப்பு.

“போகட்டும் விடு. நம்ம பிள்ளைங்கதானே” என்றது நீலம்.