கண்ணாடியின் உள்பக்கம்

பிணம் வைக்கும் ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியை உடைத்ததாகச் செண்பகவல்லி மீது வழக்கு. உள்ளே கிடந்தவன் அவளுடைய இளைய மகன். மூத்தவன் துபாயிலிருந்து வந்துசேரும்வரை தாங்கட்டுமென்று பெட்டியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தலைமாட்டில் எரிந்த விளக்கைப் பிடுங்கி ஒரே போடாகப் போட்டாள். உறவுக்காரர்கள் அவளை இழுத்துப்போய் அறையில் பூட்டினார்கள். மூத்தவனுக்குக்கூடக் காத்திராமல் அன்றைக்கே எரித்தும்விட்டார்கள்.

"கண்ணாடிய உடைச்சது நீதானம்மா?" என்றார் நீதிபதி.

"நாந்தான் ஐயா. அவன் மூக்குக்கு நேரா பனி படிஞ்சிருந்துச்சு. முந்தானையால தொடச்சேன், போகல. உள்பக்கம் இருந்துச்சு. சொன்னா, பெத்தவ பொலம்புறான்னுட்டாங்க."

புகார் கொடுத்த பெட்டிக்காரர் பிச்சையாவின் பக்கம் நீதிபதி திரும்பினார். "அப்படிப் படியுமா?"

எத்தனையோ சாவுக்குப் பெட்டி இறக்கியவர் அவர். பழக்கத்தில் பதில் வந்துவிட்டது.

"இல்ல ஐயா, மெஷின் ஓடுறப்ப வெளிப்பக்கந்தான் படியும்."

சொன்ன பிறகுதான் அதன் பொருள் அவருக்கு உறைத்தது. செண்பகவல்லி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அரசு வக்கீல் எழுந்து, வழக்கு கண்ணாடியைப் பற்றியது மட்டுமே என்று நினைவுபடுத்தினார்.