நடுங்காத கை

"விசர் மருந்தெண்டு ஆரும் பகிடி பண்ணிச்சினமோ?"

கிளினிக் தாதி கத்தரீனா, குருநகரில் ஸ்ரெல்லாவின் வீட்டைத் தேடிப் பிடித்து வந்திருந்தாள். மூன்றாம் மாதமாக ஸ்ரெல்லா பதற்றத்துக்கான குளிசை எடுக்கக் கிளினிக்குக்கு வரவில்லை.

"இல்லை, மிஸ்ஸி."

"அப்ப குளிசை ஒத்துக்கொள்ளேல்லையோ?"

"நல்லா ஒத்துக்கொண்டது. நெஞ்சு படபடக்கேல்லை, கை நடுங்கேல்லை. வாசல்லை இருந்து ஆறுதலா கிழிஞ்ச வலை பொத்தினன்."

"கொஞ்சம் சுகம் வந்தாப் போதும், குளிசையை விட்டிடுவியள்!" கத்தரீனாவுக்கு எரிச்சல் வந்தது.

"பொம்மர் பிளேன் வாற சத்தம் எனக்குத்தான் முதல் கேக்கும், மிஸ்ஸி. என்ரை கை நடுங்கினால் ஒழுங்கைச் சனம் முழுக்கப் பங்கர்க் குழிக்கு ஓடும். குண்டு விழுந்த அண்டைக்கும் கேட்டது. ஆனா குளிசையாலை எனக்குப் பயம் வரேல்லை. நான் பேசாமல் வலை பொத்தினன். 'ஸ்ரெல்லாவே இருக்கிறாள், ஒண்டுமில்லை' எண்டு எதிர்வீட்டு நீக்கிலாப்பிள்ளை அண்ணை பிள்ளையளைச் சாப்பிட இருத்தினார்."

எதிர்வீடு இருந்த இடத்தில் கற்குவியல் கிடந்தது.

"அது உன்ரை பிழையில்லை, பிள்ளை. இந்தா, பிடி." கத்தரீனா குளிசைப் பையை நீட்டினாள்.

வாங்க வந்த கை நடுங்கத் தொடங்கியது.

"ஸ்ரெல்லாவுக்கு நடுங்குது! ஓடுங்கோ!" வேலிக்கு அங்கால் யாரோ கத்தினார்கள்.

கத்தரீனாவின் காதுக்கு இன்னும் ஒரு சத்தமும் எட்டவில்லை. ஆனாலும் குளிசைப் பையைக் கீழே போட்டுவிட்டு, எல்லோருக்கும் முன்னால் போய்ப் பங்கருக்குள் விழுந்தாள்.