மூச்சுக்கதவு

மூச்சுக்கதவு மாட்டும் வேலைக்கு வந்த பிறகு யாரையும் நம்ப முடிவதில்லை. வீட்டுக்குள் போக அதன் துளையில் ஊத வேண்டும். சிகரெட் பிடித்திருந்தால் மறுநாள் காலைவரை திறக்காது. எல்லாரும் அதில் தங்களுக்கு மட்டும் ஒரு சலுகை வைக்கச் சொல்வார்கள்.

தனபால் அண்ணனுக்கு ஒரு நுரையீரலை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். மனைவி வேணி முன்னால், "சலுகையே வேண்டாம் தம்பி, பூஜ்யம் போடுங்க" என்றார். லிஃப்ட் வரைக்கும் அவர் தனியாக வழியனுப்ப வந்தபோதே எனக்குச் சந்தேகம்.

"மாசத்துக்கு ஒன்னு, ஒன்னாந்தேதி மட்டும் விடற மாதிரி வைங்க. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"அப்படிக் கேட்டவங்க வீட்டுல இப்ப தினமும் ஒன்னாந்தேதிதாண்ணே."

பூஜ்யத்தை நான் மாற்றவில்லை.

ஐந்தாம் நாள் மாலை வேணி அக்கா போன் செய்தார்.

"கதவு கெட்டுப்போச்சு தம்பி. இவரு வெளிய நின்னு ஊதி ஊதிப் பாக்கறாரு, தொறக்கல. சிகரெட்டைத் தொடவே இல்லன்னு புள்ள மேல சத்தியம் பண்றாரு."

"அவரையும் லைன்ல சேத்துக்குங்க. அண்ணே, கதவைக் கழட்டிப் பாத்துரலாம். எத்தனை இழுப்பு இழுத்தீங்கன்னு உள்ள பதிஞ்சிருக்கும்."

பொய்தான். அதில் அப்படி எதுவும் பதியாது.



"ஒரே இழுப்புதான் தம்பி. அதையெல்லாம் சிகரெட்டுன்னா சொல்லுவாங்க?"

இங்கிருந்தே கதவைத் திறக்க எனக்கு வழி உண்டு. "தொறந்து விடட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளை வேணி அக்கா போடுகிற சத்தம் போனில் கேட்டது.