நம்பகமான கார்டு

"இருக்கிறதுலயே மட்டமான மெமரி கார்டு ஒண்ணு குடுங்க" என்றார் வீடியோக்காரர்.

கடைக்காரர் அவர் தோளில் தொங்கிய பெரிய கேமராவைப் பார்த்துப் பதறினார். "இதுக்கா? வேணாம் சார், பாதியில மக்கர் பண்ணும். எடுத்ததெல்லாம் அழிஞ்சு போயிடும்."

"கண்டிப்பா அழியுமா?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க?"

வீடியோக்காரர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு என் மாமனார் மேடையேறிப் பாடறார். போன தடவை நல்ல கார்டு போட்டுத் தொலைச்சேன். இன்னிக்கு வரைக்கும் வீட்டுல சாப்பிட உக்காந்தா அதுதான் ஓடுது."

கடைக்காரர் முகம் இளகியது. தன் சட்டைப்பையிலிருந்து பழைய கார்டு ஒன்றை எடுத்துப் பயபக்தியோடு நீட்டினார்.

"நம்பி எடுத்துட்டுப் போங்க. என் மச்சான் பாட்டை மூணு தடவை முழுங்கின கார்டு. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பிக் குடுத்துடணும். அவன் மறுபடி பாடறான்."