முப்பது நாள், முப்பது மாத்திரை

“மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டிருந்தா, கிருமி இப்படி மருந்துக்கு அடங்காமப் போகுமா?” எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தின் ஆலோசகர் இலக்கியா ரிசல்ட்டை மேசையில் எறிந்தாள். “ஆறே மாசத்துல எட்டு கிலோ எறங்கியிருக்க. அடுத்த மருந்தும் கேக்கலைன்னா நான் என்னம்மா செய்ய?”

சொர்ணவல்லி தலை நிமிரவில்லை. அவள் கணவன் நாகராசுதான் முந்திக்கொண்டான்.

“நானும் தலபாடா அடிச்சுக்கிறேன் மேடம். வேலையை விட்டுட்டு மாசாமாசம் திருவரங்குளத்துலேருந்து பைக்குல கூட்டியாரேன். இவளுக்கு அக்கறையே இல்ல.”

இலக்கியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனக்கு நோய் இல்லை என்று வெளியே டெஸ்ட் எடுத்த பேப்பரை அவன் முதல் மாதமே கொடுத்திருந்தான். ஆனாலும் பெண்டாட்டியைக் கைவிடவில்லை. இப்படி ஒருவன் கிடைத்தும் இவளுக்கு இத்தனை அலட்சியமா?

“டப்பாவை எடு.”

காலி டப்பா. முப்பது நாளைக்கு முப்பது மாத்திரையும் தீர்ந்திருந்தது.

“கொட்டிட்டு வந்து என்னை ஏமாத்துறியா?”

“ஒண்ணுகூடக் கொட்டலைங்க.”

“அப்ப தினமும் சாப்பிட்டியா?”

“ஒருநாள் விட்டு ஒருநாள்ங்க.”

“அப்பறம் டப்பா எப்படிக் காலியாச்சு?”

நாகராசு சட்டென்று எழுந்தான். “நேரமாச்சு. வா, போவோம்.”

சொர்ணவல்லி அசையவில்லை. முதல்முறையாக நிமிர்ந்து அவனையே பார்த்தாள்.

“இவுக பேரையும் நோட்டுல எழுதிக்கங்க மேடம். இனிமே என் மாத்திரையில பங்கு கெடையாது.”