காலியாக விட்ட ஐம்பத்தாறு

பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

வினாத்தாளில் தான் போட்டிருந்த டிக்குகளை அவள் எண்ணினாள். நிச்சயமாகச் சரி என்று தெரிந்தவை முப்பத்தொன்பது.

மறுபடி எண்ணினாள். திரும்ப எண்ணினால் கூடிவிடவா போகிறது.

தேற நாற்பது வேண்டும்.

அரைகுறையாகத் தெரிந்த ஐந்துக்கும் வட்டத்தைக் கருப்பாக்கியிருந்தாள். அந்த ஐந்தும் தவறென்றால், தவறுக்குக் கால் மதிப்பெண் வீதம் ஒன்றேகால் போய்விடும். மிச்சம் முப்பத்தேழே முக்கால். போன தடவை முப்பத்தேழே கால்.

சி.ஏ. படிப்பின் முதல் படி இந்த ஃபவுண்டேஷன். நாலு தாள். அவளுக்கு இது நாலாவது தடவை. கணக்குப்பதிவியலில் எண்பத்து நாலு வாங்குகிறவள். சட்டமும் பொருளாதாரமும் அவளை ஒன்றும் செய்வதில்லை. இந்த மூன்றாம் தாள், கணிதமும் தர்க்கமும் புள்ளியியலும்தான், ஒவ்வொரு முறையும் காலை வாரிவிடுகிறது. நூறு கேள்வி. கேள்விக்கு நாலு வட்டம். ஒன்றை நிரப்ப வேண்டும்.

உறவுமுறைக் கேள்விகளில் மட்டும் அவளை அசைக்க முடியாது. மூன்று ஓரகத்தி, இரண்டு நாத்தனார் என்று வாழ்கிறவளுக்கு, பி-யின் தங்கைக்கு ஏ என்ன முறை என்பதெல்லாம் ஒரு கேள்வியா.

திட்டத்திலும் குறையில்லை. பீரோ கதவின் உட்பக்கம் நாலு மாத அட்டவணை ஒட்டியிருந்தாள். திங்கள் வட்டி, செவ்வாய் வரிசைமாற்றம், புதன் நிகழ்தகவு. மாமியாருக்கு முட்டிவலி வந்தால் என்று ஒரு வாரம் ஒதுக்கிக்கூட வைத்திருந்தாள். அந்த வாரம் முட்டிவலி வரவில்லை. நாத்தனார் வந்தாள், பிள்ளைகளோடு.

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் அவளுக்குப் பதினோரு வருடம் ஆகிறது. அவளிடம் வேலை கற்றுக்கொண்டு போன பெண்ணுக்கு இன்று பெருந்துறை ரோட்டில் தனிப் பெயர்ப்பலகை. இவள் தயாரிக்கும் அறிக்கைகளில் எல்லாம் வேறு யாரோ கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த இடத்தில் ஒரு நாள் தன் கையெழுத்து விழ வேண்டும். அந்த ஆசைதான் அவளை இந்த வயதில் இருபது வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வைத்திருந்தது.

இந்தத் தடவையும் போனால் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடுவதாக மாமியார் முன்னால் அவளே வாய்விட்டிருந்தாள். சம்மதம் வாங்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒன்பது நிமிடம்.

விடைத்தாளில் ஐம்பத்தாறு கேள்விகள் வெள்ளையாகக் கிடந்தன.

கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதுவும் பாடத்திலேயே இருக்கிறது. நாலில் ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். ஒன்று வந்து முக்கால் போகும். நாலு கேள்விக்குக் கால் மிச்சம், ஐம்பத்தாறுக்கு மூன்றரை.

முப்பத்தேழே முக்காலோடு சேர்த்தால் நாற்பத்தொன்றே கால்.

தேறிவிடலாம், சராசரி சொன்ன சொல் தவறாமல் நடந்துகொண்டால்.

கோச்சிங் சென்டரில் தலைதலையாக அடித்துக்கொண்டார்கள், எதையும் காலியாக விடாதீர்கள் என்று. பக்கத்து பெஞ்சுப் பையன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். கேள்வியைக்கூடப் பார்க்காமல் சரசரவென்று நிரப்பினான். இவள் கைதான் நகர மறுத்தது.

கையைக் குற்றம் சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஆடிட்டர் அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்று.

"தெரியாததை நீயா நிரப்பாதம்மா. காலியா விடு. பார்ட்டியைக் கேட்டுக்கலாம்."

பதினோரு வருடம் அப்படித்தான் விட்டாள். கணக்குக் கொடுத்த பார்ட்டிக்குப் போன் போட்டுக் கேட்டாள். பில் வரும்வரை காத்திருந்தாள். வந்த பிறகே எழுதினாள். அவள் கை பட்ட பக்கத்தை ஆடிட்டர் இப்போதெல்லாம் மறுபடி பார்ப்பதில்லை.

இங்கே யாரைக் கேட்பது?

ஆறு நிமிடம்.

அழ வேண்டும்போல் இருந்தது. அழ நேரமில்லை என்பதால் அழவில்லை.

நாற்பத்தேழாம் கேள்வி. அதை அவள் படிக்கவில்லை. மூன்றாம் வட்டத்தில் பென்சிலை வைத்து அழுத்தினாள்.

ஒன்றும் ஆகவில்லை. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்தது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

பத்தாவதில் கை தானாகப் போயிற்று. இருபதுக்குப் பிறகு எந்த வரிசை வெள்ளை என்று மட்டும் பார்த்தாள். மூன்றாம் வட்டம், மூன்றாம் வட்டம் என்று இறங்கிக்கொண்டே போனாள். இது இவ்வளவு சுலபமா என்று நெஞ்சு பதறியது. பதறிக்கொண்டே நிரப்பினாள்.

மணி அடித்தபோது ஒன்றுகூடக் காலியில்லை.

பள்ளிக்கூட வாசலில், கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்திவிட்டுக் கணவன் காத்திருந்தான். கையில் போன். மறுமுனையில் மாமியார் லைனில் இருப்பது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

இந்தத் தாள் முடிந்து வரும்போதெல்லாம் அவன் கேட்பான். தெரியலீங்க, ரிசல்ட் வரட்டும் என்பாள். மூன்று தடவையும் அதைத்தான் சொன்னாள்.

"எப்புடிப் புள்ள, ஆயிருமா?"

"ஆயிருமுங்க."

சட்டென்று வந்துவிட்டது. அவள் யோசிக்கவே இல்லை.

அவன் முகம் மலர்ந்தது. போனைக் காதில் வைத்தான்.

"ஆயிருமுங்கறாம்மா. இல்லீம்மா, நெசமாத்தான். தெரியாம அவ ஒண்ணுஞ் சொல்ல மாட்டா, உனக்கே தெரியுமல்ல."