நியூட்ரல்

மேகலாவின் கணவன் தணிகாசலம் இறந்த மூன்றாம் மாதம் அவனுடைய மினி லாரியின் கியர்பாக்ஸ் போய்விட்டது. ஆட்டோமேட்டிக் வண்டி. ஓடினால்தான் விற்க முடியும் என்று அவளுடைய தம்பி உதயா கியர்பாக்ஸை இறக்கி வீட்டுக்குள்ளேயே பிரித்தான். கட்டிலை நகர்த்தி, தார்ப்பாய் விரித்து, அக்கா அரிசி களையும் பாத்திரத்தில் டீசல் ஊற்றி ஒவ்வொரு பிளேட்டாகக் கழுவினான். தேய்ந்ததையெல்லாம் டெல்லி காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளில் வாங்கி மாற்றி, மறுபடி வண்டியில் பூட்டினான்.

மறுநாள் வாங்குகிறவர் வருவதாக இருந்தது. அதனால் அன்று சாயங்காலம் ஓட்டிப் பார்த்தார்கள். மேகலா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். கியர் சத்தமில்லாமல் மாறியது.

துவாரகா மோடு சிக்னலில் சிவப்பு விழுந்தது. கியர் லீவர் தானாக நகர்ந்து நியூட்ரலில் நின்றது.

"நான் தொடவே இல்லக்கா," என்றான் உதயா.

தணிகாசலம் சிக்னலுக்குச் சிக்னல் இப்படித்தான் நியூட்ரலில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். ராத்திரியெல்லாம் ஓட்டிய அசதி. பச்சை வருகிறதா என்று பார்ப்பது மேகலாவின் வேலை. வந்ததும் "போலாங்க" என்பாள். அப்புறம்தான் கண்ணைத் திறப்பான்.

பச்சை விழுந்தது. உதயா லீவரைத் தள்ளினான். அசையவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். "அரே, சலோ பையா," என்று யாரோ கத்தினார்கள்.

"என்னக்கா இது, இறுகிக்கிச்சு."

மேகலா பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் வண்டி கிளம்பிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும்டா," என்றாள்.